ட்ரோனா 'பேய் நகரம்' இல்லை: உப்பு ஏரிக்கரையில் ஒரு கம்பெனி ஊரின் வரலாறு

கேள்வி: கலிபோர்னியா பாலைவனத்தில் இருக்கும் ட்ரோனா என்ற ஊரைப் பல வீடியோக்களில் 'பேய் நகரம்' என்று காட்டுகிறார்கள். எரிந்த வீடுகள், மூடிய கடைகள், ஆனால் பின்னணியில் பெரிய தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது. உப்பு தீர்ந்ததால் ஊர் அழிந்ததா? அங்கே மேயர், நகராட்சி எதுவும் இல்லை என்கிறார்களே, அது எப்படி? போய்ப் பார்க்க முடியுமா?

பதில்:

உப்பு தீரவில்லை. தொழிற்சாலைகளும் நிற்கவில்லை. 2010 கணக்கெடுப்பில் ட்ரோனாவும் அதைச் சுற்றிய குடியிருப்புகளும் சேர்ந்த சர்ல்ஸ் பள்ளத்தாக்கில் 1,739 பேர் இருந்தார்கள், 2020இல் 1,565 பேர். பள்ளிக்கூடம் நடக்கிறது, சரக்கு ரயில் வந்து போகிறது. ஆளில்லாத ஊரைத்தான் பேய் நகரம் என்பார்கள். இது ஆள் குறைந்த ஊர். இரண்டுக்கும் காரணங்கள் வேறு. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் இந்த ஊரின் வரலாறே பிடிபடாது.

முதலில் ஏரி. ட்ரோனாவுக்குக் கிழக்கே வெள்ளையாகப் பரந்து கிடப்பது சர்ல்ஸ் ஏரி. பெயர்தான் ஏரி, மேலே பெரும்பாலும் காய்ந்த உப்புத்தரை. பனியுகங்களில் சியரா நெவாடா மலைத்தண்ணீர் ஓவன்ஸ் ஆற்று வழியாக ஓவன்ஸ் ஏரியை நிரப்பி, அது வழிந்து சைனா லேக் என்ற அடுத்த ஏரியை நிரப்பி, அதுவும் வழிந்து சர்ல்ஸுக்கு வந்தது. நம் ஊரில் ஒரு கண்மாய் நிரம்பி அடுத்த கண்மாய்க்குக் கலிங்கு வழியாகப் பாயுமே, அதே அமைப்பு. மிக ஈரமான காலங்களில் இங்கிருந்தும் வழிந்து பனாமின்ட் பள்ளத்தாக்குக்குப் போனது. ஆனால் நெடுங்காலம் சர்ல்ஸ்தான் கடைமடை. மேலேயிருந்த எரிமலைப் பகுதி வெந்நீர் ஊற்றுகள் போரானைக் கரைத்து அனுப்ப, தண்ணீர் ஆவியாக, கரைந்து வந்ததெல்லாம் கடைமடையில் படிந்தது. அதனால்தான் இந்த ஏரியில் சாதா உப்போடு சலவைச் சோடா, வெங்காரம் (போராக்ஸ், அதாவது போரான் சேர்ந்த உப்பு), சோடியம் சல்பேட், பொட்டாஷ் (பொட்டாசியம் உப்பு) எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கின்றன. மேல் உப்பு அடுக்கு, நடுவே கருஞ்சேறு, கீழே இன்னொரு உப்பு அடுக்கு. உப்புப் படிகங்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் செறிந்த உப்புநீர் நிற்கிறது. தொழிற்சாலைகள் எடுப்பது முக்கியமாக அந்தத் திரவத்தைத்தான். கிணறு போட்டு பம்ப் வைத்து இறைக்கிறார்கள். ஊருக்குப் பெயரான 'ட்ரோனா'வும் இங்குள்ள ஒரு தாதுவின் பெயர், சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் நீரும் சேர்ந்த படிகம்.

இங்கே முதலில் காசு பார்த்தது வெங்காரத்தில். ஜான் சர்ல்ஸ் தங்கம் தேடி இந்த மலைப்பக்கம் வந்தவர். 1860களிலேயே ஏரியின் வெள்ளைப் பொருக்கைப் பார்த்திருந்தாலும் அதன் மதிப்பு அவருக்கு அப்போது தெரியவில்லை. 1872இல் பிரான்சிஸ் மேரியன் ஸ்மித் நெவாடாவின் டீல்ஸ் மார்ஷில் வெங்காரத்தைக் கண்டபிறகுதான், இங்கேயும் அதே சரக்கு என்று புரிந்து, சகோதரர் டென்னிஸுடன் சேர்ந்து 1873இல் சுரங்க உரிமை பதிந்தார். சுத்திகரித்த வெங்காரத்தைக் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளில் 280 கிலோமீட்டர் தள்ளியிருந்த சான் பெட்ரோ துறைமுகம்வரை இழுத்துப் போனார்கள். 1876இல் மொஹாவி ஊருக்கு ரயில் வந்ததும் அந்தத் தூரம் வெகுவாகக் குறைந்தது. 1890களில் நிறுவனம் கைமாறி உற்பத்தி நின்றது. சர்ல்ஸ் 1897இல் இறந்தார். அதுவரை இங்கே ஒரு வேலைத்தலம் இருந்ததே தவிர ஊர் என்று ஒன்று கிடையாது.

ஊரை உண்டாக்கியது பொட்டாஷ். உரத்துக்கான பொட்டாஷில் அன்றைக்கு ஜெர்மனியின் கைதான் ஓங்கியிருந்தது, அமெரிக்க விவசாயமே அதை நம்பி நின்றது. இந்த ஏரியில் பொட்டாஷ் இருப்பது தெரிந்ததும் உரிமைச் சண்டை மூண்டது. இங்கே உரிமைகளை வைத்திருந்த கலிபோர்னியா ட்ரோனா கம்பெனி கடனில் மூழ்கி, நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் எஸ். டபிள்யூ. ஆஸ்டின் சொத்தைக் கவனித்துவந்த நேரம். 1910 அக்டோபரில் ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டம் அந்த உரிமைகளைப் பிடிக்க ஏரியில் வந்து முகாமிட்டது. அதில் ஒருவர், அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் 1881இல் நடந்த துப்பாக்கிச் சண்டையால் பேர்பெற்ற வயாட் ஏர்ப். அப்போது அவருக்கு 62 வயது. நேருக்கு நேர் மோதல்வரை போய், வந்தவர்கள் கைதானதோடு விவகாரம் முடிந்தது. அதன்பிறகு அமெரிக்கன் ட்ரோனா கார்ப்பரேஷன் உருவாகி, 1913இல் ஊரைக் கட்டத் தொடங்கியது. 1914இல் ட்ரோனா ரயில்வே முடிந்தது: சதர்ன் பசிபிக் பாதையின் சர்ல்ஸ் சந்திப்பிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இன்றும் அது தொழிற்சாலையின் சொந்த ரயில்தான்.

முதல் உலகப் போரில் ஜெர்மன் பொட்டாஷ் வருவது நின்றது. டன்னுக்கு 35, 40 டாலராக இருந்த விலை பத்து மடங்குக்கு மேல் ஏறியது. அந்த நெருக்கடியில்தான் ட்ரோனா வேர்விட்டது. கூடவே ஒரு பெரிய தவறும் நடந்தது, வரலாற்றுக் குறிப்புகளில் பலர் தவிர்த்துவிடும் விஷயம் இது. அவசரத்தில் எடுத்த பொட்டாஷில் வெங்காரம் சரியாகப் பிரியாமல் கலந்துபோனது. போரான் பயிருக்கு மிகச் சிறிய அளவில் தேவை, கொஞ்சம் கூடினாலே நஞ்சு. 1919 வாக்கில் அந்த உரத்தைப் போட்ட கிழக்கு மாநில வயல்களில் உருளைக்கிழங்கு, பருத்தி, புகையிலைப் பயிர்கள் கருகின. அமெரிக்க வேளாண் துறை ஆய்வு செய்து, உரத்தில் வெங்காரத்துக்கு வரம்பு வைத்தது. போரும் முடிந்து ஜெர்மன் சரக்கு திரும்ப வரத் தொடங்கிய நேரம். சரக்கைச் சுத்தமாகப் பிரிக்கத் தெரிந்தால் பிழைக்கலாம், இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்ற நிலை.

அதைத் தீர்த்த வேதியியல்தான் இந்த ஊரின் உண்மையான அடித்தளம். கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். 100 கிலோ உப்புநீரில் சுமார் 35 கிலோ உப்புகள் கரைந்திருக்கும். அதில் சாதா உப்பு சுமார் 16 கிலோ. பொட்டாசியம் குளோரைடு, அதாவது இங்கே எடுக்கும் பொட்டாஷ், 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வெங்காரம் ஒன்றரை கிலோ அளவு. இதை ஆவிக்கலன்களில் கொதிக்கவிட்டால் முதலில் சாதா உப்பும், சோடியம் கார்பனேட்டும் சல்பேட்டும் இணைந்த பர்க்கைட் என்ற உப்பும் படிகமாகி அடியில் விழும். பொட்டாஷும் வெங்காரமும் சூட்டில் நன்றாகக் கரையக்கூடியவை, அதனால் திரவத்திலேயே நிற்கும். இந்தச் சூடான திரவத்தை ஆறவிட்டால் இரண்டும் சேர்ந்தல்லவா படியும்? அங்கேதான் வித்தை. வெங்காரம் மந்தமானது, கரைதிறன் எல்லையைத் தாண்டிய பிறகும் படிகமாவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். பொட்டாஷ் உடனே படியும். ஆகவே வெற்றிடக் குளிர்கலனில் திரவத்தைச் சட்டென்று 38 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறக்கி, விழுந்த பொட்டாஷை உடனே வடித்துச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி எடுத்துவிடுவார்கள். மிச்சத் திரவத்தில் வெங்காரப் படிகங்களை 'விதை'யாகப் போட்டு 24 டிகிரிக்கு ஆறவிட்டால் வெங்காரம் தனியாகக் கிடைக்கும். முதல் படியில் தாமதம் நேர்ந்தால் வெங்காரம் பொட்டாஷோடு சேர்ந்து விழும். வயலைக் கருக்கிய அதே கலப்படம் அது. எந்தச் சூட்டில் எது எவ்வளவு கரையும் என்று ஆண்டுக்கணக்கில் அளந்து இந்த முறையை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஜான் டீப்பிள். 1927இல் அவருக்கு, தொழில்துறை வேதியியலுக்குத் தரும் பெர்கின் பதக்கம் கிடைத்தது. 1926இல் கம்பெனி 'அமெரிக்கன் பொட்டாஷ் அண்ட் கெமிக்கல்' என்று பெயர் மாறியது.

இனி ஊரின் அமைப்பு. ஆரம்பத்தில் ட்ரோனாவில் கம்பெனிக்குச் சொந்தமில்லாத பொருளே அரிது. வீடு, மளிகைக்கடை, நூலகம், பள்ளி, ஆஸ்டின் பெயரில் கட்டிய ஆஸ்டின் ஹால், வெயிலுக்காகக் கூரை போட்ட நடைபாதைகள் எல்லாம் கம்பெனி கட்டியவை. சம்பளமே கம்பெனி டோக்கனில் வந்த காலம் உண்டு. அதைக் கம்பெனி கடையில்தான் செலவழிக்க முடியும். பக்கத்தில் ஆர்கஸ், பயனியர் பாயின்ட், வெஸ்டெண்ட் என்று குடியிருப்புகள் முளைத்தன. வெஸ்டெண்ட் ஆலையைத் தொடங்கியவர் அதே டீல்ஸ் மார்ஷ் ஸ்மித். போரோசால்வே என்று போர்க்காலத்தில் ஒரு ஊர் இருந்தது, பொட்டாஷ் விலை விழுந்ததும் அதுவும் போய்விட்டது. உண்மையில் 'பேய் நகரம்' என்று யாராவது சொல்ல விரும்பினால் அதைச் சொல்லலாம்.

மேயர் இல்லாததற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஊர்மக்கள் கேட்டு, வாக்களித்து, சட்டப்படி பதிந்தால்தான் ஓர் ஊர் நகராட்சியாகும். பதியாத ஊர்களைக் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) நிர்வாகமே நேரடியாகப் பார்த்துக்கொள்ளும். ட்ரோனாவில் தண்ணீர், வீடு, கடை எல்லாவற்றையும் கம்பெனி பார்த்துக்கொண்டதால் நகராட்சிக்கு வேலையே இல்லாமல் போனது. கம்பெனி அந்தப் பொறுப்புகளை விட்டபோது, வரி போட்டு நகராட்சி நடத்தும் அளவுக்கு ஆட்களோ கடைகளோ மிஞ்சவில்லை. போலீஸ் வேலைக்குக் கவுன்டி ஷெரிஃப், சாலைக்கும் கட்டட அனுமதிக்கும் கவுன்டி அலுவலகம். பள்ளிக்கு மட்டும் 'பள்ளி மாவட்டம்' என்ற தனி நிர்வாகம் உண்டு. ட்ரோனா அடங்கிய சான் பெர்னார்டினோ கவுன்டியின் தலைநகர் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். பள்ளத்தாக்கின் வடபகுதி இன்யோ கவுன்டி. எல்லாரும் சாமான் வாங்கப் போகும் ரிட்ஜ்கிரெஸ்ட், 40 கிலோமீட்டர் தள்ளி, கெர்ன் கவுன்டி. ட்ரோனாக்காரர் ரிட்ஜ்கிரெஸ்டில் செலவழிக்கும் பணத்தின் விற்பனை வரிப் பங்கு கெர்னுக்குப் போகிறது, ட்ரோனாவின் சாலையைப் போட வேண்டியது சான் பெர்னார்டினோ. இந்தச் சிக்கல்தான் அந்த எரிந்த வீடுகளை இடித்து அகற்ற ஆளில்லாமல் வைத்திருப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது என்பது என் கருத்து.

ஆட்கள் ஏன் குறைந்தார்கள்? ஒரே நாளில் நடந்ததல்ல. உச்சத்தில் இங்கே பல ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 1960களின் பிற்பகுதியில் கெர்-மெக்கீ நிறுவனம் கம்பெனியை வாங்கியது. 1970இல் கசப்பான வேலைநிறுத்தம் நடந்தது, அதன் வடு நெடுநாள் ஆறவில்லை. கார் எல்லார் கையிலும் வந்தபின், கடற்படை ஆய்வுத்தளத்தால் வளர்ந்துகொண்டிருந்த ரிட்ஜ்கிரெஸ்டில் குடியிருந்து வேலைக்கு மட்டும் ட்ரோனா வருவது வசதியாகிவிட்டது. அங்கே மருத்துவமனை, கடைகள், புல்வெளி; இங்கே கந்தக வாடையும் உப்புத்தூசியும். இயந்திரமயமாக்கத்தில் வேலையாட்கள் தேவையும் சரிந்தது. லித்தியம் எடுப்பது 1978இல் நின்றது, ஊரை உண்டாக்கிய பொட்டாஷும் 1990களில் நின்றது. ஆலை நிற்காமலே ஊர் சுருங்கியது. வீடியோ எடுப்பவர்கள் ஆலையையும் காலி வீட்டையும் ஒரே சட்டகத்தில் வைத்து ஆச்சரியப்படுவது இதைத்தான்.

இப்போதைய முக்கியச் சரக்கு சலவைச் சோடா, அதாவது சோடா ஆஷ். 1978இல் தொடங்கிய ஆர்கஸ் ஆலையின் முறை இது: நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுத்து உப்புநீருக்குள் செலுத்துகிறார்கள். உப்புநீரிலுள்ள சோடியம் கார்பனேட் பைகார்பனேட்டாக மாறுகிறது. பைகார்பனேட் குறைவாகவே கரையும் என்பதால் வெண்படிகமாக இறங்கிவிடுகிறது. அதை வடிகட்டிச் சூடேற்றினால் வாயுவும் நீரும் போய் சோடா ஆஷ் மிஞ்சும். புகையிலிருந்து கார்பனைப் பிடிப்பது பற்றி இன்று உலகமே பேசுகிறது, இங்கே அது நாற்பது ஆண்டுகளுக்கு மேலான அன்றாட வேலை. நிலக்கரி எரிப்பதால் காற்று மாசுப் புகாரும் கூடவே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். போரிக் அமிலத்துக்கு வேறு வழி: போரானை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒரு கரைப்பானை மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்து உப்புநீரோடு குலுக்கினால் போரான் எண்ணெய்க்கு ஏறிவிடும், பிறகு அமிலத்தால் கழுவி இறக்கிக்கொள்ளலாம். கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் இந்தச் சரக்குதான்.

பல கை மாறி இன்று இந்த ஆலைகள் 'சர்ல்ஸ் வேலி மினரல்ஸ்' என்ற பெயரில் நடக்கின்றன. 2007இல் அதை வாங்கியது நிர்மா. ஆம், நம் வீட்டு டிவியில் வெள்ளைப் பாவாடைச் சிறுமி சுழன்ற அதே அகமதாபாத் நிர்மா. சலவைத்தூளின் அடிப்படைச் சரக்கு சோடா ஆஷ் என்பதால் அந்த நிறுவனம் இங்கே கண்வைத்ததில் வியப்பில்லை.

2019 ஜூலை 4ஆம் தேதி 6.4 அளவில் ஒன்று, மறுநாள் மாலை 7.1 அளவில் இன்னொன்று என இரண்டு நிலநடுக்கங்கள். செய்திகளில் 'ரிட்ஜ்கிரெஸ்ட் நிலநடுக்கம்' என்றே பெயர். ஆனால் முதல் நடுக்கத்தின் மையம் சர்ல்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து 12 கிலோமீட்டர்தான். ட்ரோனாவை வெளியுலகோடு இணைக்கும் 178ஆம் சாலை பிளந்தது, குடிநீர்க் குழாய்கள் உடைந்தன, வெயில் உச்சத்திலிருந்த ஜூலையில் மக்கள் பல நாள் வெளியிலிருந்து வந்த தண்ணீரை நம்பி இருந்தார்கள். பழைய வீடுகள் பல குடியிருக்கத் தகுதியற்றவையாயின. வீட்டின் சந்தை விலையைவிடப் பழுதுபார்க்கும் செலவு அதிகம் என்ற நிலையில் சிலர் பூட்டிவிட்டுப் போனார்கள்.

குழாய் உடைந்ததைச் சொல்லும்போது தண்ணீர்ப் பிரச்சினையையும் சொல்ல வேண்டும், என் பார்வையில் இந்த ஊரின் எதிர்காலம் இதில்தான் தொங்குகிறது. ஏரிக்கரையில் எங்கே தோண்டினாலும் உப்பு. ஆலைக்கும் வீடுகளுக்கும் வரும் நல்ல தண்ணீர் முழுக்க மேற்கே இந்தியன் வெல்ஸ் பள்ளத்தாக்கின் கிணறுகளிலிருந்து குழாயில் வருகிறது. அதே நிலத்தடி நீரைத்தான் ரிட்ஜ்கிரெஸ்டும் கடற்படைத் தளமும் தோட்டங்களும் உறிஞ்சுகின்றன; ஊறுவதைவிட எடுப்பது பல மடங்கு. கலிபோர்னியாவின் 2014 நிலத்தடி நீர்ச் சட்டத்தின்படி அமைந்த ஆணையம் 2020இல் ஓர் ஏக்கர்-அடிக்கு 2,130 டாலர் கட்டணம் விதித்தது. ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர் அது, சுமார் 12.3 லட்சம் லிட்டர். இந்தக் கட்டணம் ஆலையையே மூடவைக்கும் என்று சொல்லி நிறுவனம் வழக்குப் போட்டது. நீரைக் காக்க வேண்டிய கடமை ஆணையத்துக்கு உண்டு, அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் ஆலை மூடினால் அதே குழாயை நம்பியிருக்கும் குடும்பங்களுக்குத் தண்ணீர் கொண்டுவர வேறு யாரும் இல்லை, அதையும் கணக்கில் வைத்துத்தான் பேச வேண்டும்.

போய்ப் பார்க்கலாம், தாராளமாக. கோடையில் 43 டிகிரியைத் தாண்டும், ஆகவே அக்டோபர் முதல் மார்ச் வரை நல்லது. ரிட்ஜ்கிரெஸ்டிலேயே பெட்ரோலும் குடிநீரும் நிரப்பிக்கொள்ளுங்கள். ட்ரோனா உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தைப் பாருங்கள், 'பிட்' என்பார்கள். இந்த உவர்மண்ணில் புல் நிற்காததால் வெறும் மண் தரையிலேயே விளையாடுகிறார்கள். ஊருக்குத் தெற்கே ட்ரோனா பினக்கிள்ஸ்: 500க்கு மேற்பட்ட சுண்ணக் கூம்புகள், சில 40 மீட்டர் உயரம். கால்சியம் கலந்த ஊற்று அன்றைய ஏரியின் உவர்நீரில் கொப்பளித்த இடங்களில் நீருக்கடியிலேயே வளர்ந்தவை. நெடுஞ்சாலையிலிருந்து 8 கிலோமீட்டர் மண்பாதை. மழை பெய்திருந்தால் போகாதீர்கள், களி டயரைப் பிடித்துக்கொள்ளும். காலி வீடுகளுக்குள் நுழைய வேண்டாம். பலவற்றுக்கு உரிமையாளர் உண்டு, நடுக்கத்துக்குப் பின் கூரைகளையும் நம்ப முடியாது. ஏரித்தரையில் தனியாக இறங்குவதும் கூடாது. அது நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலுள்ள இடம், பொருக்குக்கு அடியில் சேறு.

ஏரிக்குள் போக முறையான வழி, உள்ளூர்க் கனிமச் சங்கம் அக்டோபரில் நடத்தும் ஜெம்-ஓ-ராமா. கருஞ்சேற்றைத் தோண்டிக் குவித்து வைத்திருப்பார்கள், அதில் கைவிட்டுத் துழாவி அறுகோண ஹாங்க்ஸைட் படிகங்களை எடுக்கலாம். கார்பனேட், சல்பேட், குளோரைடு மூன்றும் ஒரே படிகத்தில் சேர்ந்த அரிய தாது, உலகுக்கு முதலில் இந்த ஏரியிலிருந்துதான் தெரியவந்தது. உப்பில் வாழும் நுண்ணுயிர்களால் இளஞ்சிவப்பான உப்புக்கட்டிகளும் கிடைக்கும். பழைய உடை, நீளமான கையுறை, மூடியுள்ள வாளி கொண்டுபோங்கள். முக்கியமாக, எடுத்த படிகங்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், முனைகள் கரைந்து மொழுக்கையாகிவிடும். அங்கேயே ஏரியின் உப்புநீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, துணியால் ஒற்றி, நிழலில் உலரவைத்து, மூடிய டப்பாவில் வையுங்கள். சென்னைபோல் காற்றில் ஈரம் உள்ள ஊருக்குக் கொண்டுவருவதென்றால் டப்பாவுக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றும் இருக்கட்டும்.